கம்பிக்குத் தெரியாத சுமை

மார்ச் 4, செவ்வாய்

இன்று எங்கள் பிக்கப் வண்டியில் இரண்டு குடும்பத்துக்கு வீடு மாற்றிக் கொடுத்தோம். மூன்று பீரோ, ஒரு தையல் மெஷின், ஒரு மீன் தொட்டி. மீன்கள் மட்டும் முன் சீட்டில், என் மடியில்.

வீட்டுக்காரர் ஒருவர், எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார். பிக்கப்பில் டிரைவர் கேபினுக்கும் சாமான் ஏற்றும் பாடிக்கும் நடுவில் எதற்கு அந்தச் சந்து, அடைத்துவிட்டால் என்ன? பள்ளத்தில் இறங்கும்போது அடிச்சட்டமான சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், கேபின் ஒரு பக்கம் சாயும், பாடி இன்னொரு பக்கம் சாயும், ஒட்டி வைத்தால் தகடு கிழிந்துவிடும் என்றேன். "புருஷன் பொண்டாட்டி மாதிரிதான். கொஞ்சம் இடம் விடணும்." வண்டி ஓட்டும் என் வீட்டு மனுஷன், இவர், ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

மார்ச் 7, வெள்ளி

மேட்டுத் தெரு இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை.

நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பின்னால் முழுச் சுமை. இவர் பிரேக்கை மிதித்தார், வண்டியின் மூக்கு மட்டும் குனிந்தது, பின்பக்கம் எங்களைத் தள்ளிக்கொண்டே வந்தது. முன்னால் சைக்கிளில் ஒரு அம்மா. ஒரு முழம்தான் இடைவெளி. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாவம்.

ரோடு ஈரம் என்றார் இவர். எங்கே ஈரம்? தூசி பறந்தது. முன் சக்கரத்தில் கருகிய வாடை வேறு.

மார்ச் 8, சனி

வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். நாலு வருஷமாக டேஷ்போர்டு அறையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்!

காலியாகப் போனால் வண்டி ஏன் துள்ளுகிறது என்று போட்டிருக்கிறது. பாடியைத் தாங்கும் பின் ஸ்பிரிங் இரும்புப் பட்டைகளைச் சுமைக்கென்றே செய்கிறார்களாம், சுமை ஏறினால்தான் அடங்கும். இவரும் அந்த ரகம்தான். கனமான சாமானைப் பின் அச்சுக்கு முன்னால் வைக்க வேண்டுமாம். அது புத்தகம் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்தப் படம். பின் அச்சிலிருந்து மேலே ஒரு சின்னக் கம்பி போகிறது, சேஸிஸில் இருக்கும் ஒரு வால்வுக்கு. சுமை ஏறினால் பாடி தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரத்துக்குப் பிரேக் கூடும். காலி வண்டி என்றால் குறையும், இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். வண்டியில் என்ன இருக்கிறது என்று அந்தக் கம்பிதான் பிரேக்குக்குச் சொல்கிறது. யோசித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

அப்போதுதான் உறைத்தது. ஜனவரியில் பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டோம். இப்போது எவ்வளவு ஏற்றினாலும் பாடி தாழ்வதில்லை. கம்பியைப் பொறுத்தவரை வண்டி எப்போதும் காலி.

பட்டை போடச் சொன்னது யார்? நான்தான். பக்கத்துத் தெரு வண்டி நம்மைவிட ஒரு பீரோ அதிகம் ஏற்றுகிறது, நம் வண்டி உட்கார்ந்துவிடுகிறது என்று பத்து நாள் நச்சரித்தேனே. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்பிரிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் இவரோடு பள்ளியில் படித்தவர். புத்தகத்தைக் காட்டியதும் சிரித்தார்.

"அண்ணி, அந்தக் கம்பிய யாருமே கண்டுக்கிறதில்ல. நான் பட்டை போட்ட வண்டி எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"ஓடுறது சரி. நிக்குதா?"

அவர் புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வரும் வழியில் இவர், நண்பன் முன்னால் நான் மானத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார். மானம் போனால் வாங்கிக்கொள்ளலாம். இவர் போனால்? எந்தக் கடையில் போய் நிற்பேன்?

மார்ச் 10, திங்கள்

வண்டிச் சாவி என் இடுப்பில். இனி அங்கேதான்.

மார்ச் 11, செவ்வாய்

பேச்சுவார்த்தை கிடையாது. மகள்தான் தபால்காரி. உங்க அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு ஒரு வீடு இருக்கு. உங்க அப்பாகிட்ட சொல்லு, வண்டி வராது. நாலாவது தபாலில் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள், பரீட்சைக்குப் படிக்க வேண்டுமாம்.

மார்ச் 12, புதன்

எனக்குத் தெரியாமல் இன்னொரு சாவி வைத்திருக்கிறார்! காலையில் என்ஜின் சத்தம் கேட்டு ஓடினேன். அவர் கதவைச் சாத்துவதற்குள் பாடியில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"போங்க. அந்த இறக்கத்துல நானும்தான் வருவேன்."

தெருவே பார்த்தது. பார்க்கட்டும், டிக்கெட்டா வாங்கினார்கள்? என்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் முன்னால் அவர், பின்னால் நான். நடுவில் அந்தச் சந்து. வெயில் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்க இல்லாம இந்த வண்டிய நான் வச்சு என்ன பண்ண — கத்தியே கேட்டுவிட்டேன்.

கீழே இறங்கி வந்தார். "இப்ப என்னதான் பண்ணணும்ங்கற?"

"நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னது தப்புன்னா இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"நீ வாய மூடுறது நடக்குற காரியமா," என்றார். ஆனால் வண்டியைப் பூட்டினார்.

மார்ச் 13, வியாழன்

ஸ்பிரிங் கடையிலேயே கழற்றினார்கள். ஜனவரியில் பட்டை போட்ட அன்றே நாலு சக்கரத்துக்கும் பிரேக் கட்டையும் புதிதாகப் போட்டிருந்தோம். முன் சக்கரத்துக் கட்டை காகிதமாகத் தேய்ந்திருந்தது. பின் சக்கரத்துக் கட்டை அன்று எப்படி இருந்ததோ அப்படியே. இரண்டு மாதமாகப் பின்னால் பிரேக் பேருக்குத்தான் பிடித்திருக்கிறது.

கடைக்காரர் சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, பட்டை இருக்கட்டும், கம்பியைக் கொஞ்சம் நீட்டிவிடலாம், வால்வை எட்டும் என்றார். எவ்வளவு என்று கேட்டேன். ஒரு குத்துமதிப்பாக, என்றார். குத்துமதிப்பில் என் வீட்டு மனுஷனை இறக்கத்தில் அனுப்புவேனா?

"ரெண்டு பட்டையையும் கழட்டுங்க. போடச் சொன்ன நானே சொல்றேன்."

கடைக்காரர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார்.

"கழட்டுடா," என்றார் இவர்.

மார்ச் 20, வியாழன்

ஒரு நடையில் முடிந்த வீடு இப்போது ஒன்றரை நடை. முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். கழற்றிய பட்டை ஒன்று வாசல் கதவுக்கு முட்டு. பாடியின் பின் கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் டீசல் மிச்சம் என்று இன்னும் சாதிக்கிறார். மூடியிருந்தால் காற்று பாடிக்குள் சுழன்று நின்று, வருகிற காற்றை மேலோடு அனுப்பிவிடும் என்று எத்தனை முறை சொல்வது? அந்தச் சண்டையை வேறொரு நாள் போடுவேன்.

ஏப்ரல் 2, புதன்

நேற்று ஸ்பிரிங் கடைப் பக்கம் போனேன். கடைக்காரர் யாரிடமோ, கம்பியைச் சரிபார்க்காமல் நான் பட்டை போடுவதே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ அவர் தாத்தா காலத்து வழக்கம்போல. என்னைப் பார்த்ததும் இருமினார். நல்லா இருக்கீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

இன்று காலை சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார் இவர். இந்த வாரம் தினமும் போகிறார். கம்பியை ஆட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, முதுகைத் தட்டிக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.