நல்ல சாவுக்காகக் காத்திருந்தோம்

திருப்பூர்,
கார்த்திகை, 2009

அன்புள்ள கொழுந்தனார் பிரபாகருக்கு அண்ணி தமிழ்மதி எழுதுவது. டாக்காவில் கம்பெனி வேலை எப்படிப் போகிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் உங்கள் அண்ணனைப் பற்றி ஆரம்பித்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மாற்றி வைத்த கிட்னி கைவிட்டுவிட்டது. மறுபடியும் டயாலிசிஸ். கால் வீங்கி அவருக்குச் செருப்பு நுழைவதில்லை. தண்ணீர் அளந்துதான் கொடுக்கிறேன். நேற்று வாய் கொப்பளிக்கிற சாக்கில் இரண்டு மடக்கு விழுங்கினார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மாசியில் ஆஸ்பத்திரியிலிருந்து முதல் தடவை கூப்பிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சின்ன வயசுப் பையன், தூக்கு மாட்டிக்கொண்டதில் மூளை செத்துவிட்டது, ஆனால் கிட்னி நன்றாக இருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றேன். அத்தை, "தூக்கு மாட்டுனவன் ஆசை அடங்காம சுத்துவான், அவனோடத உள்ள வெச்சா எம்பையனையும் கூட்டீட்டுப் போயிருவான்" என்று மறித்துவிட்டார். உங்கள் அண்ணன் போனில் உங்களைத்தான் கேட்டார். "வேண்டாங்கண்ணா, நல்ல சாவா ஏதாச்சும் வரட்டும், பொறுத்துக்கலாம்" என்றீர்கள். படித்த தம்பி சொன்ன பிறகு என் பேச்சு எங்கே எடுபடும்? அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆடியில் நீங்கள் கேட்ட நல்ல சாவு வந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தோப்புக்காரராம், பேரன் பேத்தி பார்த்தவர், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தவர். அத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்து கும்பிட்டார். டாக்டர் மட்டும், அவர் நெடுநாளாக பி.பி. இருந்தவர், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அது யார் காதிலும் ஏறவில்லை. ரத்தக்குழாயை உடைத்த அதே பி.பி. அவருடைய கிட்னியையும் வருஷக்கணக்காக அரித்திருந்ததாம். கொடுத்த குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உங்களையும் அத்தையையும்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தூக்கு மாட்டிய பையனுடைய கிட்னி, எங்களோடு டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த ஊத்துக்குளி மருதம்மாளுக்குப் போயிருக்கிறது. டாக்டர்கள் சொல்ல மாட்டார்கள், ஆனால் டயாலிசிஸ் வார்டில் எதுவும் மறையாது. போன வாரம் செக்கப்புக்கு வந்திருந்த அந்த அம்மாள், "மொதல்ல கொஞ்ச நாள் வேலை செய்யாம பயங்காட்டுச்சுங்க, இப்ப நானே மாடு கறக்கறனுங்க" என்று சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். உங்கள் அண்ணன் மெதுவாக, அந்தப் பையன் கனவில் வருகிறானா என்று கேட்டார். "வந்தா சோறு போடுவனுங்க, பாவம், திங்கற வயசு" என்றது.

அத்தை தன்னுடையதைத் தருகிறேன் என்று போய் நின்றார். சர்க்கரை இருப்பதால் அனுப்பிவிட்டார்கள். என் ரத்தம் சேரவில்லை. கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அண்ணன், "யாருமில்லீங்க, நான் ஒரே பையன்" என்றுவிட்டார். வெளியே வந்ததும், "அவன் பொழைக்கப் போனவன், அவன இதுல இழுக்காத தமிழு" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கட்டிய நாளாக அவர் என்னைக் கும்பிட்டதில்லை.

தம்பி, நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு தடவை வந்து போங்கள். அந்த டாக்டர் முன்னால், நான் இவருடைய தம்பி என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் கும்பிட்டுக்கொண்டிருக்கும்,

அண்ணி
தமிழ்மதி