மேற்கே சூலம்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து விடாத சாரல். ஒரு துணி காயவில்லை. அடுத்த ஞாயிறு பயணம். ஈரத்தோடு மடித்து வைத்தால் அடிலெய்டு போவதற்குள் பெட்டியில் காளான் முளைக்கும். அந்தக் காளானுக்கும் அங்கே தனி விசாரணை நடக்கும்.

பியூலா போன். நர்சிங்கில் ஒரே பெஞ்ச், இப்போது அடிலெய்டில் குடும்பத்தோடு இருக்கிறாள். அவள் சொல்லச் சொல்லக் குறித்தது:

பல், கண்ணாடி வேலை இங்கேயே முடி. அங்கே சொத்தை அடைக்கப் போனால் சொத்தே போகும்.
மாத்திரை அட்டையோடு. டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில்.
தர்ஷினி டி.சி., தடுப்பூசி அட்டை: கைப்பையில். பெட்டியில் இல்லை.
விதை, பழம், பச்சைக் கறிவேப்பிலை கூடாது. ஷூ அடியில் ஒட்டிய மண்ணும் கூடாது.
அங்கே இப்போது குளிர்காலம். ஸ்வெட்டர் கையில்.

"திங்கிற சாமான் என்ன இருந்தாலும் பிளேன்ல தார கார்டுல எழுதிக் குடுத்துரு. எழுதினா பாத்துட்டு விட்டுருவான், இல்லாட்டா தூக்கிப் போடுவான். மறைச்சாத்தான்டி வம்பு."

கடைசியில் கேட்டாள். "அண்ணன் வாராகள்லா?"

"டிக்கெட் மூணு பேருக்கும் போட்டாச்சு" என்றேன். நான் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

விசா என் வேலைக்கு வந்தது. வீட்டுக்காரரும் மகள் தர்ஷினியும் என்னோடு சேர்ந்து வருகிறவர்கள். முதல் தடவை உள்ளே நுழைவதற்கு ஒரு தேதி போட்டிருக்கிறார்கள், இந்த மாதக் கடைசி. அதற்குள் வராதவர் விசா அதோடு சரி. திரும்ப முதலிலிருந்து நடக்க வேண்டும், இவர் நடக்க மாட்டார். இவருக்குக் குற்றாலத்தில் லாட்ஜ். ஜூலையில் அருவியில் தண்ணீர், லாட்ஜில் கூட்டம். எந்த ஆபீசருக்குக் குற்றால சீசன் தெரியும்?

ஜூலை 7, திங்கள்

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். கேக், சால்வை, ஒரு குத்துவிளக்கு. பித்தளை விளக்கை யார் சுமப்பது? அங்கேயே நர்ஸ் ரூமில் வைத்துவிட்டேன்.

சாயந்திரம் பெட்டி எடை பார்த்தோம். நான் குளிக்கப் போன நேரத்தில் அத்தை உள்ளே வைத்தவை: அப்பளம், சுக்கு, மிளகு, அரைப் பலாப்பழம். பலாப்பழத்தை வெளியே எடுத்தேன். "அவனுக்குப் பிடிக்கும்லா" என்றார்கள். அத்தை தன் மகன் வருவதாக நம்புகிறார்களா, இல்லை நான் நம்ப வேண்டும் என்று வைக்கிறார்களா? தெரியவில்லை.

அத்தையைத் தனியே விட்டுப் போகிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. ராயகிரியிலிருந்து நாத்தனார் குடும்பமாக வந்துவிட்டாள், ஆடி பிறந்தால் வீடு மாறக் கூடாதென்று ஆனியிலேயே. லாட்ஜைக் குத்தகைக்குக் கேட்டும் ஆள் வந்தாயிற்று. சாக்கு ஒவ்வொன்றாகத் தீர்கிறது. ஆள் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை, காற்று மட்டும். தர்ஷினி யூட்யூப் பார்த்து, ஆஸ்திரேலியாக்காரர்கள் வணக்கத்துக்குச் சொல்கிற 'குடை மேட்' பழகுகிறாள். கேட்டால் குடை விற்கிறவள் மாதிரி இருக்கிறது.

மதியம் இவர் சாப்பிட வந்தபோது போன். வருஷா வருஷம் வருகிற விருதுநகர்க்காரர் போலிருக்கிறது. "ஆகஸ்ட்டா? வாங்க அண்ணாச்சி. நான் இங்கனதான இருப்பேன்."

ரசத்தை ஊற்றினேன். பிறகு கேட்டேன்.

"வாரீயளா, வரலையா? ஒண்ணச் சொல்லுங்க."

"அங்கன வந்து நான் என்ன செய்ய? இங்கன பஸ்ஸ விட்டு எறங்கி கணேசன் லாட்ஜுன்னா ஆட்டோக்காரன் கொண்டு விடுதான். அங்கன ஒம் பேரச் சொன்னாத்தான் எனக்கு வீடே தருவான்."

"பதினாலு வருசமா ஒங்க பேரச் சொல்லித்தான நான் இந்த ஊர்ல இருக்கேன்?"

சிரித்தார். நல்ல சிரிப்பு, அதில்தான் அந்தக் காலத்தில் விழுந்தேன். இன்று எரிச்சலாக வந்தது. மோர் கேட்டார். கொடுத்தேன்.

செய்ய வேண்டியவை: வீட்டுப் பத்திரம், பவர் எழுதுவது. சிலிண்டர் நாத்தனார் பெயருக்கு. அந்த ஊர் மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் இரண்டு.

ஜூலை 9, புதன்

அத்தை காலண்டரைப் புரட்டிவிட்டு வந்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். திருவனந்தபுரம் ஏர்போர்ட் மேற்கே. ஆஸ்திரேலியா தென்கிழக்கில்தானே இருக்கிறது என்று தர்ஷினி அட்லஸோடு வந்தாள்.

"வீட்ட விட்டு எறங்கி எந்தப் பக்கம் திரும்புதோமோ அதான் தெச. ஒங்க புஸ்தகத்துல ஏர்போர்ட்டு போட்டிருக்கா?"

பரிகாரமாக வெல்லம் தின்றால் போதும் என்று அதே காலண்டரில் இருக்கிறது. அத்தைக்கு வெல்லம் போதாது. பரஸ்தானம் வைத்தே ஆக வேண்டும். அதாவது, நல்ல நாளாகப் பார்த்துப் போகிறவர்கள் துணியில் ஒன்றை முன்னாலேயே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் சூலம் குத்தாது. சூலத்தையே ஏமாற்றுகிற ஆட்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஐ.சி.யூவில் ராகு காலம் பார்த்து யாரும் வருவதில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

நல்ல வெயில், பத்து மணி வரை.

அத்தை மஞ்சப்பையோடு வந்தார்கள். என் சேலை ஒன்று. தர்ஷினி சுடிதார் ஒன்று. "அவனுக்கு ஒரு சட்ட."

"அவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு எடுங்க அத்த."

"பெத்தவ எடுக்கதுக்குக் கேக்கணுமாக்கும்?" இஸ்திரிக்கு வைத்திருந்ததிலிருந்து நீலக் கட்டம் போட்ட சட்டையை உருவினார்கள். பிறகு குரலை இறக்கி, "என்னயச் சாக்கா வச்சு நிக்கப் பாக்கான். நாளைக்கு ஊரு என்னயத்தான பேசும்? போகட்டும் ளா. பொண்டாட்டி பிள்ளையோட இருக்கட்டும்" என்றார்கள்.

பதினாலு வருஷத்தில் அத்தை என் பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

எதிர்வீடு நூர்ஜஹான் அக்கா வீடு, நல்லவேளையாக மேற்கே. கடையநல்லூர்க்காரர். அவர் வீட்டுக்காரர் கல்ஃபிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். பையை வாங்கி பீரோவுக்கு மேல் வைத்தார். அத்தை வாசலில் நின்று இரண்டு தரம் சொன்னார்கள்: "வாசப்படி தாண்டினது போற அன்னைக்குத்தான் எடுக்கணும். நடுவுல திரும்பி எங்க வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா அந்த ஆளுக்குப் பயணம் கெடையாது. யாரு கேட்டாலும் குடுத்துராத தாயி."

அக்கா எனக்குச் சொன்னது: அரிசி அங்கேயே கிடைக்கும், சுமக்காதே. தலையணை உறை மட்டும் பழையது ஒன்று கொண்டு போ, முதல் வாரம் தூக்கம் வரும். "மொத மூணு மாசம் போன்ல சண்ட போட்டுராத. அங்க ராத்திரின்னா இங்க சாயங்காலம். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கோவம் ஆறாது."

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதானே போகிறோம் அக்கா என்று சொல்ல வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

அந்த சுடிதாரைத்தான் தர்ஷினி இன்று பள்ளிக்கூடத்தில் விடைபெறப் போட வைத்திருந்தாளாம். அழுகை. அத்தை அசையவில்லை. கடைசியில் அக்கா வீட்டிலேயே போய் மாற்றி, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போய், சாயந்திரம் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு நைட்டியில் வீடு வந்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பல நாளைக்குப் பிறகு.

சட்டை விஷயத்தை அத்தையே இவரிடம் சொல்லிவிட்டார்கள். "ஏலே, ஒஞ்சட்ட நேத்தே கெளம்பிட்டு" என்று. இவர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். மலையில் பலத்த மழை, மெயினருவியில் குளிக்கத் தடை. வந்தவர்கள் எல்லாம் அறைக்குள்ளேயே கிடக்கிறார்கள், சுடுதண்ணீர் போதவில்லை என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டார். ராத்திரி வரவில்லை.

பல் டாக்டர் முடிந்தது. பவர் பத்திரம் முடிந்தது. மிளகு, சுக்கு, அப்பளம் மூன்றையும் தனிப் பையில் மேலாக வைத்தேன், அங்கே எடுத்துக் காட்டச் சுலபம்.

ஜூலை 12, சனி

தூறல். இவர் காலையில் வந்து குளித்துவிட்டு வெளியே போனார். பெட்டிகளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். நூர்ஜஹான் அக்கா போன். எதிர்வீட்டிலிருந்து போன் என்றதும் என்னவோ என்று எழுந்தேன்.

மெதுவாகப் பேசினார். "மாலா, ஒம் மாப்ள எங்க வாசல்ல நிக்காவ. அந்த நீலச் சட்டயக் கேக்காவ, வீட்டுக்குக் கொண்டு போகணுமாம். வேற சட்ட இல்லயான்னேன், இதான் வேணும்னு சொல்லுதாவ. ஒங்க அத்தைட்ட சொல்லவா? நான் என்ன செய்ய?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனியனோடு நின்றார். குடை இல்லை. உள்ளே பார்க்கவில்லை, இந்தப் பக்கமும் பார்க்கவில்லை. தன் வீட்டில் சொல்ல முடியாததை அடுத்த வீட்டு வாசலில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை அடுக்களையில். ஒரு குரல் கொடுத்தால் போதும். அத்தை போய் நின்றால் இவர் திரும்பிவிடுவார். நாளைக்குக் காரிலும் ஏறுவார், பெட்டியோடு பெட்டியாக. அங்கே நான் டியூட்டி முடிந்து வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட மாட்டார்கள்.

எனக்கு அவர் வேண்டும். இதை இங்கே எழுதுவதில் என்ன வெட்கம். கோபமும் இருக்கிறது. என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம்.

"இருக்கியாட்டி?" என்றார் அக்கா.

"குடுத்திருங்க அக்கா."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"ஆமா. பையில மடிச்சுக் கெடந்தது கசங்கியிருக்கும். இஸ்திரி போட்டுக் குடுங்க."