இருந்தபடியே வைப்பது

மார்ச் 3
லேபில் பேராசிரியையின் வகுப்பு. தட்டில் சிவப்பு மணிகள் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். குலுக்கினால் கலந்துவிடும். "குலுக்கிக்கிட்டே இருந்தா என்னைக்காவது பழையபடி பிரிஞ்சு நிக்கும். பிரபஞ்சமும் அப்படித் திரும்பலாம்னு ஒரு கணக்கு இருக்கு" என்றார். வகுப்பு முடிந்ததும் மணிகளைப் பிரித்து வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக என் வேலையே அதுதானே, அடுத்த வகுப்புக்காக எல்லாவற்றையும் இருந்தபடியே வைப்பது.

பாப்பா போய் இன்றோடு ஏழு மாதம். ஒன்பது வயசு.

மார்ச் 4
பேராசிரியையைத் தனியாகக் கேட்டேன். "ஆளுங்ககூடத் திரும்பி வருவாங்களா மேடம்?" என் முகத்தைப் பார்த்தார். "அது வெறும் கணக்குண்ணே. அதுக்கு ஆகுற வருஷத்தை எழுதக் காகிதம் பத்தாது."

பத்தாது என்றுதான் சொன்னார். வரமாட்டார்கள் என்று சொல்லவில்லையே!

மார்ச் 6
எட்டே எட்டு மணி போட்டுக் குலுக்கினேன். நாற்பத்தொன்றாவது தடவை பிரிந்து நின்றன. அழுதுவிட்டேன். கதவைச் சாத்தியிருந்தது நல்லதாகப் போயிற்று.

மார்ச் 9
மூன்று நாளாகக் காலையில் பாப்பாவின் பிரஷை நனைத்து வைக்கிறேன். செருப்பை அவள் கழற்றிப் போடுகிற மாதிரி கோணலாக. இன்று எனக்குப் பின்னாடியே எழுந்த மனைவி ஈர பிரஷைப் பார்த்துவிட்டாள். "பாப்பா... பாப்பா" என்று அறை அறையாக ஓடினாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் அவ வந்துட்டான்னு நெனச்சேன். பாவி மனுஷா, ஒரு நிமிஷம்!"

மத்தியானம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் என்ன தப்பு பண்ணேன்? இருந்தபடியே வெச்சேன், அவ்வளவுதானே?

மார்ச் 10
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. திட்டக்கூட நாதி இல்லை. குவளையில் மனைவியின் பிரஷும் இல்லை.

மார்ச் 14
மச்சான் வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் அந்த மணிகளின் கணக்கைச் சொன்னேன். துணி மடித்தபடியே கேட்டாள்.

"சரி, அவ வர்றான்னே வெச்சுக்குவோம். எல்லாம் அப்படியே திரும்புதுன்னா அந்தக் காய்ச்சலும் வரும்ல? அந்த ஆஸ்பத்திரி வராந்தாவும்? மறுபடியும் போவாளே. இன்னொரு தடவை அவளைத் தூக்கிக் கொடுக்க என்னால முடியாதுங்க."

இத்தனை வருஷம் லேபில் குப்பை கொட்டியிருக்கிறேன், இது தோணவே இல்லை. பிரிந்து நின்ற மணிகள் அடுத்த குலுக்கலிலேயே கலந்தன. கண்ணால் பார்த்தேனே. "இனிமே நனைக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 19
காலையில் பல் தேய்க்கப் போனேன். குவளையில் மூன்று பிரஷ். பாப்பாவுடையது காய்ந்து கிடந்தது. மனைவியுடையது ஈரமாக இருந்தது.