மின்மினி தோற்ற ஞாயிறு

இன்று பெட்டியைத் துழாவும்போது உன் நீல ரிஸ்ட் ஸ்ட்ராப் கையில் சிக்கியது. உடம்பின் மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடாமல் இருக்க அசெம்பிளி லைனில் மணிக்கட்டில் மாட்டுவோமே, அது. ஒயர் அறுந்து கம்பெனி கழித்துப் போட்டது. அதை மாட்டினால் நீ மின்மினி, நம் ஆட்டத்தின் மந்திரப் பெண்.

ஞாயிறு. வார விடுமுறை. பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலில் நம் அறை. போனில் ஆடிய மந்திரப் பெண்கள் ஆட்டத்தை, டேட்டா தீர்ந்த ஒரு மதியத்திலிருந்து வாயாலேயே ஆடினோம். கதை சொல்வது நான். ஜெயிப்பதும் தோற்பதும் லூடோ பகடை. கடைசிச் சண்டையில் ஒன்று விழுந்தால் தோல்வி; அந்தப் பெண் செத்தாள்.

தோற்றவள் அதை நடித்துக் காட்ட வேண்டும் என்ற விதி மட்டும் உன்னுடையது. மூன்றாவது கட்டில்காரி மெர்சி, தன் மந்திரப் பெண் தோற்றதும், "சரி, செத்துட்டேன். மிக்சர் குடு" என்றாள். உனக்குத் தாங்கவில்லை.

"ஒரு உயிரு போவுது, மிக்சர் கேக்கற?"

அடுத்த ஞாயிறே உனக்கு ஒன்று விழுந்தது.

மெர்சிதான் எதிரி, இருளரசி. தரை துடைக்கும் மாப்போடு உன் தலைமாட்டில் நின்றாள். நீ சரிந்தாய், அழகாக. கண்ணை மூடினாய். திறந்தாய்.

"ரிலீவர் எங்க?"

"இன்னாடி?"

"ஷிப்டு மாத்த ஆள் வராம சீட்ட வுட்டு எந்திரிக்கலாமா? ஊரே இருட்டாயிடும். ஆள் வரட்டும், சொல்லிட்டு சாவறேன்."

நான் கல்லூரியில் படித்த எந்த நாடகத்திலும் இப்படி ஒரு சாவு இல்லை. லைனில் இருந்தது. அடுத்தவள் வந்து நிற்கும்வரை, மெஷினில் எது மக்கர் என்று சொல்லி முடிக்கும்வரை எழக் கூடாது.

"மந்திரக்கோலு பட்டன ரெண்டு வாட்டி அமுக்கனாதான் எரியும். றெக்க லெப்ட்ல இழுக்குது. மெயின்டனன்ஸ்ல சொல்லிகினே கீறேன், ஒருத்தனும் வரல."

"கை வலிக்குது, சீக்கிரம் சாவேண்டி" என்றாள் இருளரசி.

"வேணா இன்னொரு வாட்டி குத்திக்கோ."

குத்தினாள். நீ அலறிய அலறலில் வார்டன் அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். தரையில் நீ. உன்மேல் மாப்.

"யாருடி இவள அட்சது?"

நீ படுத்தபடியே ஸ்ட்ராப்பைக் கழற்றி அவர் கையில் மாட்டினாய். "வந்துட்டீங்களா? பட்டன ரெண்டு வாட்டி அமுக்கணும்க்கா." உடனே செத்தாய். நிம்மதியாக, நாக்கைத் தள்ளிக்கொண்டு.

அக்கா பயந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரை உன் முகத்தில் ஊற்றினார். மின்மினி பிழைத்துக்கொண்டாள். இது செல்லாது என்று மெர்சி சாயங்காலம்வரை சண்டை போட்டாள்.

பிறகு அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஸ்ட்ராப்பை என் பக்கம் தள்ளினாய். "ஜன்னல் தாப்பா லூசு. மெர்சிய ரெண்டு வாட்டி எழுப்பணும், மொத வாட்டி எழுந்தா மாதிரி நடிப்பா. பஸ்ல என் சீட்ட வுட்றாத."

நான் பார்க்க வந்தவள், ரிலீவர் இல்லை என்று சொல்ல நினைத்தேன். மாட்டிக்கொண்டேன்.

நீ போன பிறகு யாரும் ஆடவில்லை. இன்று ஸ்ட்ராப்பை மெர்சியும் பார்த்துவிட்டாள். மாப்பை எடுத்து வந்தாள். மின்மினியை நான் ஆட வேண்டுமாம். தோற்றால், ஆட்டத்திலும் இனி நீ இல்லை. வேண்டாம் என்றேன். பகடையை என் கையில் திணித்தாள்.

ஒன்று.

உன் இடத்திலேயே படுத்தேன். தரை சில்லென்றிருந்தது. பட்டனைச் சொன்னேன். றெக்கையைச் சொன்னேன். தாழ்ப்பாளையும் சேர்த்துச் சொன்னேன். மெர்சி மூக்கை உறிஞ்சினாள்.

"சொல்லி முட்ச்சிட்டியா? சாவேண்டி."

"ரிலீவர் வரல."

கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"அப்ப அது வரிக்கும் மிக்சர் துன்லாமா?"