தப்பு மஞ்சு மேல் இல்லை, குமாரு

என் தங்கமே, குமாரு,

எப்படிடா இருக்கிறாய்? பதில் வராது என்று தெரிந்தும் கேட்கத்தான் தோன்றுகிறது. அம்மா இப்போது பரவாயில்லை. கெலமங்கலம் சந்தைக்குத் தனியாகவே போய்வருகிறாள்.

சொல்ல வந்தது வேறு. கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் நீயும் உன் சிநேகிதன் மஞ்சுவும் ஒரு வருஷமாகக் கட்டினீர்களே, அந்தச் சின்ன ரேஸ் வண்டியைப் பற்றி. சூளகிரி மண் ஏற்றத்தில் இரண்டு முறையும் அது பாதியில் திணறி நின்றது. "உனக்கு ஓட்டத் தெரியலடா, பயந்து ஆக்சிலேட்டர விட்டுடற" என்று ஓட்டிய மஞ்சுவை எல்லார் எதிரிலும் திட்டினாய். அதோடு பேச்சு நின்றது. அடுத்த மாதமே உனக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் நீ இல்லை.

சமீபத்தில் மஞ்சு வீட்டுக்கு வந்தான். "அக்கா, அந்த வண்டிய இன்னொரு தடவ மேட்டுல ஏத்திப் பாக்கறேன். என் மேலதான் தப்புன்னா தெரிஞ்சுக்கறேன்."

ஃபேக்டரியில் பாகங்களை அளந்து பார்ப்பதுதானே என் வேலை? அளக்காமல் யாரையும் குறை சொல்ல எனக்கு வராது. "மொதல்ல பெல்ட் கிளட்ச கழட்டு" என்றேன்.

"பேடா அக்கா, வேணாம். அது அவன் கையால வெச்சது." பின்னால் நகர்ந்துவிட்டான். ஸ்பேனரை நானே எடுத்தேன்.

கியர் வேலையைப் பார்க்கும் அந்தக் கிளட்சுக்குள் நீ போட்ட எடைகள் கனம் அதிகம், குமாரு. இன்ஜின் வேகம் பிடிக்கும் முன்பே அவை விரிந்து பெல்ட் ஓடும் புல்லியை நெருக்கிவிட்டன. டாப் கியரில் மேடு ஏறினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் திணறியிருக்கிறது. யார் ஓட்டியிருந்தாலும் நின்றிருக்கும்.

லேசான எடைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் போட்டோம். முதலில் இன்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினோம், மறுபடி எடையை மாற்றினோம். மூன்று ஞாயிறு இப்படியே போனது. நான்காவது ஞாயிறு காலை அதே சூளகிரி ஏற்றத்தில் ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறிவிட்டது. மஞ்சு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதான்.

"அவனுக்காக நான் மன்னிப்பு கேக்கறேன்டா" என்றேன்.

"இருந்திருந்தா அவனே கேட்டிருப்பான் அக்கா."

கேட்டிருப்பாயா? நீ பிடிவாதக்காரன். ஆனாலும் அவன் நம்புகிறான்.

உன் தப்பை இப்படிச் சொல்கிறேனே என்று கோபப்படாதே. அன்று நீ அவனைத் திட்டியதைக் கேட்ட ஒவ்வொருவரையும் தேடிப்போய் நடந்ததைச் சொல்வேன். அந்த வண்டியைக் கட்டியது நீங்கள் இரண்டு பேரும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி அக்கா