டாக்டரம்மாவின் பை

நாள் 212, 06.10
நிலையச் சமையல்காரன் சுடலைமுத்து எழுதுகிறேன். வயது எழுபத்தொன்று. இந்தப் பனிக்கோளில் நானும் டாக்டர் அமலோற்பவமும் மட்டும்தான். எழுத்து அவர் கற்றுக்கொடுத்தது. இன்று முதல் தடவையாகப் பட்டியலை நானே படித்து அவர் பையை அடுக்கினேன். தூக்கப்பை. சூடேற்றி. கம்பளிக் காலுறை ஆறு. கையுறை மூன்று ஜோடி. கத்தி. ஒவ்வொன்றையும் படித்து டிக் போட்டேன். ஒன்றும் விடவில்லை. பையின் ஜிப் கரகரவென்றது. தேங்காய் எண்ணெய் தொட்டு ஓட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது.

நாள் 212, 08.30
ஆண்டெனா சாய்ந்துவிட்டது. நிமிர்த்தாவிட்டால் வரும் கப்பலுக்கு நாங்கள் இருப்பது தெரியாது. வண்டி பழுது. டாக்டரம்மா நடந்தே கிளம்பிவிட்டார். அங்கே தங்கி மறுநாள் திரும்ப வேண்டும். வழியிலிருந்து வானொலியில்: "நான் வர்றதுக்குள்ள ஒரு பக்கம் எழுதி வைங்க அண்ணாச்சி. தப்பு ஒண்ணுக்கு ஒரு தோசை எனக்கு."

நாள் 212, 18.40
மைனஸ் 58. சூரியன் இன்னும் நாற்பது நாள் மறையாது, ஆனாலும் சூடில்லை.
"ஆண்டெனாவ நிமித்திட்டேன். காத்து ஏறிட்டு வருது. பை ஜிப் அசைய மாட்டேங்கு அண்ணாச்சி. ஊதிப் பாத்தேன், ஈரம் அதுமேலயே ஒறஞ்சிட்டு. துணியும் கிழியல."
கத்தி எங்கே என்று கேட்டேன்.
"உள்ளதான் இருக்கு. நல்லா அடுக்கியிருக்கீய."

நாள் 212, 19.05
எண்ணெய். என் சமையலறையில் முப்பது டிகிரி. எண்ணெய் தண்ணீராக நிற்கிறது. ஊரில் மார்கழிக் காலையில் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்து உருக்கியவன் நான். தெரியாதவன் இல்லை.

நாள் 212, 19.20
வருகிறேன் என்றேன்.
"நீங்க வந்துசேர ஒம்பது மணி நேரம் ஆவும். வேண்டாம். எழுதினதப் படிங்க."
படித்தேன். டிக் போட்ட இடத்தில் சிரித்தார். 19.05-க்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.
"படிங்க."
படித்தேன்.
"காலையிலயே தேங்கா வாசம் அடிச்சுது. எனக்கும் தோணல பாருங்க. அதுக்கும் ஒரு தோசைதான் அண்ணாச்சி."

நாள் 212, 20.10
ஐந்து முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கிறேன்.

நாள் 212, 20.50
என் பை. தூக்கப்பை. சூடேற்றி. அவருக்குக் கையுறை இரண்டு ஜோடி. கத்தி வெளியே, இடுப்பில். ஜிப்பை மூடவில்லை, கயிற்றால் கட்டினேன். தோசை ஒன்று, எவர்சில்வர் டப்பாவில், என் சட்டைக்குள்.
எனக்கு வெளியே போக அனுமதி இல்லை. நெஞ்சு தாங்காது என்று என் மருத்துவக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அதையும் நானே படித்தேன்.
கப்பலில் வருகிறவர்களுக்கு: ஆண்டெனா வேலை செய்கிறது. நிமிர்த்தியது அவர். நாங்கள் இருவரும் அதனடியில் இருப்போம். நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். இதில் தப்பு இருந்தால் நீங்கள் திருத்த வேண்டாம். அதை அவர்தான்