தொடும் முன்பே துடித்த விரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

செம்மேட்டிலிருந்து ரோஸ்லின் தோத்திரத்துடன் எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகம்தானே? நானும் சுகம். போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

பெங்களூரில் படிக்கும்போது மோதிர விரல் நுனியில் அரிசி அளவு காந்தம் ஒன்றைத் தோலுக்குள் வைத்துக்கொண்டேன் அல்லவா? மின்சாரம் ஓடும் இடத்தில் அது உள்ளுக்குள் அதிரும். நேற்று ஆபீஸ் வேலையாக, இதே மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு மிளகுத் தோட்டத்துக்குப் போனேன். அப்போதுதான் மழை விட்டிருந்தது. இரும்புக் கேட்டைத் திறக்கக் கை நீட்டினேன். தொடும் முன்பே விரல் துடித்தது. உள்ளேயிருந்து தோட்டத்துக்காரர் சாமியாத்தாள் அக்கா அதே கேட்டைப் பிடிக்க வந்தார்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"ஏனுங்க கண்ணு, என்னாச்சுங்க?" என்று அப்படியே நின்றுவிட்டார்.

கேட்டில் கரண்ட் இருக்கிறது என்றேன். அவர் கணவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியதும் விரல் அடங்கியது. மோட்டாருக்குப் போகும் ஒயர் தோலுரிந்து, கேட்டோடு சேர்ந்த கம்பி வேலியில் பட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள்.

ஆனால் அப்பா, அப்போதிருந்து எதைத் தொடவும் பயமாக இருக்கிறது. அறைச் சுவரை நெருங்கினாலும் விரல் அதிர்கிறது. காந்தம்தான் அதிர்கிறதா, பயத்தில் என் கை நடுங்குகிறதா என்றே தெரியவில்லை. கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு டெஸ்டரும் ரப்பர் செருப்பும் வேண்டும். பார்சலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுவர முடியுமா? அந்தச் சுவரில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, தூங்கு" என்று நீங்கள் சொன்னால் போதும்.

ஆபீஸுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

ரோஸ்லின்